ஓடாமல் போன 32 கிலோமீட்டர்: ஓர் அமெச்சூர் மாரத்தான் ஓட்டக்காரரின் தன்னம்பிக்கை பற்றிய நிகழ்வு ஆய்வு

சென்னை திருவல்லிக்கேணியில் சிறிய ஆஃப்செட் அச்சகம் நடத்தும் 46 வயதுக்காரர் ஒருவர், 2024 செப்டம்பர் 1 தொடங்கி 2025 ஜனவரி 5 வரை 18 வாரங்கள் முழு மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்த விவரத்தை இங்கே பதிவு செய்கிறேன். விருதுநகர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதால் எங்கள் ஓட்டக் குழுவில் வயது வித்தியாசமின்றி எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைக்கிறோம்; இந்தப் பதிவிலும் அப்படியே குறிப்பிடுகிறேன். பெயரைப் போட வேண்டாம், மற்றது எதையும் மறைக்க வேண்டாம் என்பது அவர் வைத்த நிபந்தனை. நான் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளன் அல்ல. அவரைவிடச் சில மாரத்தான்கள் கூடுதலாக ஓடியவன் என்ற ஒரே தகுதியில் அட்டவணை போட்டுக்கொடுத்து, பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் உடன் ஓடினேன். ஆகவே என்னுடைய பிழைகளும் இந்த ஆய்வுக்குள் வருகின்றன.

இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். வாரத்துக்கு வாரம் உடல் தேறிக்கொண்டே வந்த ஒரு மனிதருக்கு, அதே 18 வாரங்களில் தன்னம்பிக்கை மட்டும் மூன்று முறை தரைதட்டியது ஏன்?

முதல் தோல்வியை அவர் படித்த விதம்

அண்ணாச்சி 2021இல் மெரினாவில் நடக்கத் தொடங்கினார். இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது, மருந்துக்குப் போகுமுன் நடந்து பாருங்கள் என்று மருத்துவர் சொன்னதுதான் காரணம். நடை ஓட்டமாகி, 2022இல் 10 கிலோமீட்டரும், 2023 ஜனவரியில் 2 மணி 21 நிமிடத்தில் ஒரு ‘ஹாஃப்’பும் (21.1 கிலோமீட்டர் அரை மாரத்தான்) முடித்தார், மருந்தும் தேவைப்படவில்லை. 2024 ஜனவரியில் முதன்முறையாக ‘ஃபுல்’ (42.195 கிலோமீட்டர் முழு மாரத்தான்) ஓடப் பெயர் கொடுத்தார். 33ஆவது கிலோமீட்டரில் கால்கள் நகர மறுத்து, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, ஓட்டத்தைக் கைவிட்டவர்களை ஏற்றிவரும் வேனில் முடிவிடத்துக்கு வந்து சேர்ந்தார். அடுத்த எட்டு மாதங்கள் அவர் மாரத்தான் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. வீட்டில் மட்டும், அவர் அதிகாலையில் ஷூ மாட்டும்போதெல்லாம், “வேன் எத்தனை மணிக்கு வரும்?” என்ற கேலி தொடர்ந்தது.

ஆகஸ்ட் கடைசியில், அடுத்த ஜனவரிக்கு மீண்டும் முயலலாமா என்று பேச்செடுத்தபோது அவர் சொன்ன பதில் இது: “காலு ஓடியிருக்கும் சார். மனசுலதான் தெம்பு இல்ல.”

இந்த வாக்கியத்திலிருந்துதான் ஆய்வு தொடங்குகிறது, ஏனெனில் இது தவறான வாக்கியம். அன்றைய அவருடைய கடிகாரப் பதிவை நாங்கள் இருவரும் சேர்ந்து திறந்து பார்த்தோம். முதல் 10 கிலோமீட்டரை 62 நிமிடத்தில் ஓடியிருக்கிறார். அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 12 வினாடி. அவர் அதுவரை ஓடிய சிறந்த ஹாஃப்பின் சராசரி வேகமே கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 41 வினாடிதான். பாதித் தூரத்துக்கே தாங்காத வேகத்தில் முழுத் தூரத்தைத் தொடங்கியிருக்கிறார். வழியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் மட்டும் என்றார். ஜெல் (சிறு பொட்டலத்தில் வரும் இனிப்புப் பாகு) தந்தார்கள், வாழைப்பழம் தந்தார்கள், ஆனால் எல்லாம் சர்க்கரையாயிற்றே என்று கையால் தொடவில்லை. சர்க்கரைக்குப் பயந்து ஓட வந்தவர், அதே பயத்தால் ஓட்டத்தின் நடுவில் பட்டினி கிடந்திருக்கிறார்.

இதன் கணக்கு எளியது. தோராயமாக, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கிலோ கலோரி செலவாகும். அண்ணாச்சியின் எடை 74 கிலோ என்பதால் 42.195 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3,100 கிலோ கலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கக்கூடிய மாவுச்சத்தோ, நன்றாகச் சாப்பிட்டவருக்கே 1,600 முதல் 2,000 கிலோ கலோரி அளவில்தான் இருக்கும். மீதியைக் கொழுப்பு தரும். ஆனால் கொழுப்பு நிதானமாக எரிவது, வேகம் கூடக் கூட உடல் மாவுச்சத்தையே அதிகம் கேட்கும். வேகமாகத் தொடங்கி, வழியில் எதையும் உண்ணாதவருக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கையிருப்பு தீர்ந்துபோவதில் வியப்பு இல்லை. ஓட்டக்காரர்கள் ‘சுவரில் முட்டுவது’ என்று சொல்வது இதைத்தான். அந்த நேரத்தில் மூளைக்கும் சர்க்கரை குறைவதால் சோர்வோடு அவநம்பிக்கையும் அழுகையும் சேர்ந்து வரும், உட்கார்ந்துவிட வேண்டும் போல இருக்கும். அதைத்தான் அவர் மனத்தெம்பு இல்லை என்று தம் கணக்கில் பற்று எழுதியிருந்தார்.

மருத்துவரிடம் போய் டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொண்டு, ஓடும்போது இனிப்பு எடுக்கலாமா என்ற கேள்வியையும் கேட்டு வரச் சொன்னேன். ஓடிக்கொண்டிருக்கும் தசை குளுக்கோஸை நேரடியாகவே இழுத்துக்கொள்ளும், நீங்கள் மருந்து எதுவும் எடுப்பவர் அல்ல, நீண்ட ஓட்டத்தின்போது எடுக்கலாம் என்று மருத்துவர் தெளிவுபடுத்தியிருக்கிறார். அண்ணாச்சியின் நிலையைப் பார்த்து அவருக்கென்று சொல்லப்பட்ட பதில் இது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பின்பற்றக் கூடாது.

இலக்காகக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 30 வினாடி என்று வைத்தோம். அப்படி ஓடினால் 5 மணி 16 நிமிடம் 30 வினாடியில் முடியும்.

புழுக்கமும் கடிகாரமும்

முதல் சரிவு செப்டம்பர் 22 அன்று வந்தது. வாரத்தின் நீண்ட ஓட்டமான ‘லாங் ரன்’ அன்று 18 கிலோமீட்டர். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் போய்த் திரும்பி, மீண்டும் போய்த் திரும்பி என்று காமராஜர் சாலையிலேயே தூரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தோம். விடியற்காலை ஐந்து மணிக்கே உடம்பில் சட்டை ஒட்டிக்கொண்டது. கடலிலிருந்து ஒரு மூச்சுக் காற்றும் இல்லை. அட்டவணைப்படி கிலோமீட்டருக்கு 7:30இல் ஓட வேண்டியவர் 8:10இல் ஓடினார், அதற்கே இதயத் துடிப்பு 165ஐத் தாண்டியது. ஓட்டம் முடிந்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. பாரதி சாலை முனையில் டீ குடிக்கும்போது செல்பேசியைத் திறந்து, பெங்களூரில் இருக்கும் பழைய நண்பர் அதே காலையில் 20 கிலோமீட்டரை 6:40 வேகத்தில் ஓடியதை என்னிடம் காட்டினார். அவருக்கும் வயது 46தான்.

இங்கே பிழை என்னுடையது. அவருடைய ஜனவரி மாத ஹாஃப் நேரத்தை வைத்து வேகக் கணக்குப் போட்ட நான், அதை அப்படியே செப்டம்பர் மாதச் சென்னைக்குக் கொடுத்திருந்தேன். வியர்வை வெளியேறுவதால் உடல் குளிர்வதில்லை, வெளியேறிய வியர்வை ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும் காலையில் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகும். உடல் வெப்பத்தைக் கழிக்க வேறு வழியின்றி இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். தசைக்குப் போக வேண்டிய இரத்தம் அந்த அளவுக்குக் குறைவதால் இதயம் கூடுதலாக அடித்து ஈடுகட்டும். ஆகவே அதே உழைப்புக்கு வேகம் குறைவாகவே கிடைக்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த காலையில் ஓடும் பெங்களூர்க்காரரின் எண்ணைச் சென்னைப் புழுக்கத்தில் ஓடுபவர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, எடைக்கல் வேறான இரண்டு தராசுகளை ஒப்பிடுவதற்குச் சமம்.

இதை விளக்கியபோது அண்ணாச்சி தலையை ஆட்டினார், ஆனால் ஏற்றுக்கொண்ட முகம் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான், தம் தொழிலிலிருந்தே அவருக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. “மெஷின்ல இங்க் செட் ஆகி, கலரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா ரிஜிஸ்டர் உட்காருற வரைக்கும் முதல் அம்பது ஷீட்டு வேஸ்ட்டுதான் சார். அந்த ஷீட்ட வச்சு வேலைய எடை போடுற பார்ட்டி எவனும் இல்ல. செப்டம்பர் அப்படித்தான்னு வச்சுக்குவோம்.” நான் சொன்ன உடலியல் செய்யாததை இந்த ஒரு வாக்கியம் செய்தது. தன்னம்பிக்கை பற்றிப் பேசும்போது நாம் கொடுக்கும் விளக்கம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, கேட்பவர் அதைத் தம் கையால் தொட்டுப் பழகிய ஒன்றோடு பொருத்திக்கொள்ள இயல வேண்டும் என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் கடிகாரத்தின் கண்ணாடி மேல், அச்சகத்தில் மிஞ்சிய ஸ்டிக்கர் தாளில் விரல்நக அகலத்துக்கு வெட்டிய ஒரு துண்டை ஒட்டிக்கொண்டு வந்தார். வேகம் காட்டும் வரி மட்டும் மறைந்திருந்தது. தூரமும் இதயத் துடிப்பும் தெரிந்தன. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்பதே நவம்பர் வரை எங்களுக்கு அளவுகோலாக இருந்தது. அண்ணாச்சி பேசிய வாக்கியங்கள் பெரும்பாலும் காகித விலையைப் பற்றியவை.

ஜாப் கார்டு

பயிற்சிக் குறிப்பு எழுதும் பழக்கம் அவருக்கு முதலிலேயே உண்டு. கட்டிங்கில் விழுந்த தாள்களைச் சேர்த்து நடுவில் பின் அடித்த, உள்ளங்கை அளவு நோட்டு அது. செப்டம்பர் மாதப் பக்கங்களில் அவர் எழுதியிருந்தவை: “மோசம்.” “பரவாயில்லை.” “வயசாயிடுச்சு.” “இன்னிக்கு என்னமோ.” நான்கு வாரங்களில் 21 பதிவுகள், அவற்றில் எதிலும் எத்தனை மணி நேரம் தூங்கினார், என்ன சாப்பிட்டார், முந்தின நாள் எவ்வளவு நேரம் மெஷின் அருகே நின்றார் என்ற தகவல் இல்லை. தீர்ப்பு மட்டும் இருந்தது, சாட்சி இல்லை.

உங்கள் அச்சகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எழுதிவைக்கும் ஜாப் கார்டு போலவே இதையும் எழுதினால் என்ன என்று கேட்டேன். அவருக்கு அது உடனே பிடித்துவிட்டது. ஆர்டர், டெலிவரி, கழிவு, குறிப்பு என்று நான்கு கட்டங்கள் போட்டார். ஆர்டர் என்றால் அன்று ஓட வேண்டியது. டெலிவரி என்றால் ஓடியது. கழிவு என்றால் வலி, கொப்புளம், வயிற்றுக் கோளாறு முதலியவை. குறிப்பில் தூக்கம், சாப்பாடு, வானிலை. உணர்ச்சிகளுக்குத் தனிக் கட்டம் வேண்டாமா என்று நான் கேட்டபோது, அதற்குப் பில் போட முடியாது என்று சொல்லிவிட்டார்.

இந்த மாற்றம் ஏன் வேலை செய்தது என்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கருத்து உதவுகிறது. ஒரு குறிப்பிட்ட செயலைத் தன்னால் செய்து முடிக்க முடியும் என்ற நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து வருகிறது என்றார் அவர்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், தன் உடல் காட்டும் அறிகுறிகளைத் தான் எப்படிப் பொருள்கொள்கிறோம் என்பது. இவற்றில் முதலாவதே வலிமையானது என்பது அவருடைய முடிவு. ஆனால் நடைமுறையில் நாம் மூன்றாவதையே வாரி இறைக்கிறோம். எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் ‘உங்களால் முடியும்’ என்று பத்துப் படங்களாவது வரும். அண்ணாச்சி அவற்றைத் திறப்பதே இல்லை. முதல் ஊற்றோ அவரிடம் தாராளமாக இருந்தும், எழுதப்படாததால் மறந்துபோயிருந்தது. நான்காவது ஊற்றில்தான் அவருக்கு உண்மையான கசிவு: புழுக்கத்தில் இதயம் அடித்துக்கொள்வதையும், மாவுச்சத்து தீர்ந்து கால் ஓய்வதையும் தம் மனபலக் குறைவு என்றே அவர் வாசித்து வந்திருக்கிறார்.

அக்டோபர் நடுவில் பெய்த பெருமழையில் நான்கு நாள் ஓட்டம் தடைப்பட்டது. நோட்டில் “ஆர்டர் 10, டெலிவரி இல்லை, மழை” என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அந்த மாதக் கடைசியில் தீபாவளி. பலகாரம் பற்றிய குறிப்பும் நேர்மையாகவே இருந்தது. நவம்பர் 3இல் 26 கிலோமீட்டரும், நவம்பர் 17இல் 28 கிலோமீட்டரும் ஓடினார். முக்கால் மணிக்கு ஒரு ஜெல், அடுத்த முறை அரை வாழைப்பழம், இடையில் உப்புச்சர்க்கரைக் கரைசல் என்று மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போவதற்குப் பழக்கினோம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் ஆபத்தாகும் என்பதால் தாகத்துக்கு மட்டும் குடிக்கச் சொன்னேன். கடலை மிட்டாய் அவருக்கு ஊர்ப் பாசம். நிலக்கடலையின் கொழுப்பு ஓட்டத்தின் நடுவில் செரிக்காமல் வயிற்றைப் பிசைந்ததால் அதை ஓட்டம் முடிந்த பிறகு என்று ஒத்திவைத்தோம்.

புயல்

டிசம்பர் 1, ஞாயிறு. அட்டவணையில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்த நாள். 32 கிலோமீட்டர் ஓட வேண்டும். நவம்பர் 30 மாலை ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சென்னையில் அன்று முழுவதும் மழை கொட்டி, பல சாலைகளில் தண்ணீர் நின்றது. அண்ணாச்சியின் அச்சகத்துக்குள்ளும் அரை அடித் தண்ணீர். ஞாயிறு காலை அவர் ஓடவில்லை; காலண்டருக்கு வாங்கி அடுக்கியிருந்த காகித ரீம்களைப் பரணுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். டிசம்பர் அச்சகக்காரர்களுக்குக் காலண்டர், டைரி என்று மூச்சுவிட நேரமில்லாத மாதம். அடுத்த ஞாயிறும் நனைந்த காகிதத்துக்கு மாற்று வாங்குவதிலும் சளியிலும் போயிற்று.

இரண்டாவது சரிவு இதுதான், மூன்றிலும் ஆழமானது. டிசம்பர் 9 இரவு அச்சகத்தில் போய்ப் பார்த்தபோது, பெயரை ஹாஃப்புக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். “32 போகாம ஃபுல்லுக்கு நிக்கிறது, ப்ரூஃப் பாக்காம பிரிண்ட் ஏத்துறது மாதிரி சார்.” மாற்றிக்கொள்ள முடியாதென்றால் டிசம்பர் 22 அன்று தனியாக 36 ஓடிப் பார்த்துவிடுவேன் என்றும் சொன்னார். எங்கள் குழுவில் ஒரு பெண், கேத்ரின் ஸ்விட்சரின் கதையை அவருக்குச் சொல்லியிருக்கிறார். 1967இல் பாஸ்டன் மாரத்தானை 261ஆம் எண் அணிந்து ஓடிய ஸ்விட்சரை, பெண் என்பதற்காக அதிகாரி ஒருவர் நடுவழியில் பிடித்து வெளியே தள்ள முயன்ற நிகழ்ச்சி பலருக்குத் தெரியும். அதற்கு முன்பே, பெண்ணால் அந்தத் தூரம் ஓட முடியும் என்று நம்பாத தம் பயிற்சித் துணைவர் ஆர்னி பிரிக்ஸோடு முழுத் தூரத்தையும் ஓடிக் காட்டி, அது போதாதென்று இன்னும் 5 மைல் சேர்த்து 31 மைலாக அவர் ஓடியதும் உண்மைதான். ஆனால் ஸ்விட்சருக்கு அப்போது வயது 20. அண்ணாச்சிக்கு 46, நாள் முழுதும் மெஷின் அருகே நிற்கும் வேலை, அவருடைய வேகத்தில் 36 கிலோமீட்டர் என்பது நான்கரை மணி நேரத்துக்கும் மேல், போட்டிக்கு மீதமிருப்பது இரண்டே வாரம். பிறருடைய சாதனை நம்பிக்கை தரும் என்பது சரி. அது நம்மைப் போன்றவருடைய சாதனையாக இருக்க வேண்டும் என்ற பண்டூராவின் நிபந்தனையை எளிதில் மறந்துவிடுகிறோம்.

அன்றிரவு நான் அவரிடம் கேட்டது, 32 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். அவருக்குத் தெரியவில்லை. அது 20 மைல். அமெரிக்கப் பயிற்சி அட்டவணைகள் மைலில் எழுதப்படுவதால் 20 என்ற முழு எண்ணில் நிறுத்துகிறார்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் ஹால் ஹிக்டனின் புதியவர்களுக்கான அட்டவணையில் மிக நீளமான ஓட்டம் 20 மைல். ஹேன்சன்ஸ் என்ற இன்னோர் அமெரிக்கப் பயிற்சி முறையில் அதுவே 16 மைல், அதாவது 26 கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. வாரம் முழுவதும் சேரும் களைப்பின் மேல் அந்த 26ஐ ஓடுவதே பயிற்சி என்பது அவர்கள் வாதம். நேர்மாறாக, ஜெஃப் கேலோவே என்ற பயிற்சியாளர் நடையும் ஓட்டமும் கலந்து முழுத் தூரத்தையும் பயிற்சியிலேயே தொடச் சொல்கிறார். மூன்று வழியிலும் மாரத்தான் முடித்தவர்கள் ஏராளம். கிலோமீட்டரில் எண்ணும் நமக்கு 32 ஒரு முழு எண்கூட இல்லை. இத்தனைக்கும் 42.195 என்பதே 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு எதிரே முடிக்க வேண்டியிருந்ததால் அமைந்து, 1921இல் நிலைபெற்ற தூரம்.

அவர் உடனே சமாதானமாகிவிடவில்லை. நோட்டை எடுத்து முதலிலிருந்து புரட்டினார். நடுவில் சட்டென்று நிறுத்தி, போன ஜனவரி ஓட்டம் இந்த நோட்டில் இல்லையே என்றார். பேனாவை எடுத்து முன் அட்டையின் உட்புறத்தில் எழுதினார்: ஆர்டர் 42.2, டெலிவரி 33. குறிப்புக் கட்டத்தில்: சாப்பாடு இல்லை, வேகம் அதிகம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “33 போயிருக்கேனே சார்” என்றார். பதினொரு மாதமாகத் தோல்வி என்ற பெயரில் மட்டுமே அவருக்குள் கிடந்த ஓட்டம் அது. ப்ரூஃப் என்று அவர் கேட்டது, 32ஐவிட ஒரு கிலோமீட்டர் கூடுதலாகவே, அதுவும் பட்டினியோடு, ஏற்கெனவே அடித்து வைக்கப்பட்டிருந்தது. இந்த 18 வாரங்களில் திருப்புமுனை எது என்று கேட்டால் இந்த வரியைத்தான் சொல்வேன். அதை நான் சுட்டிக்காட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் உண்மையில் அஞ்சியது களைத்த கால்களோடு ஓட வேண்டிய கடைசிப் பத்தைத்தான். எனவே டிசம்பர் 14 சனி மாலை, நாள் முழுவதும் வேலை பார்த்த பிறகு 12 கிலோமீட்டரும், மறுநாள் விடியலில் 24 கிலோமீட்டரும் ஓடினார். ஞாயிற்றுக்கிழமை கடைசி 8 கிலோமீட்டர் பந்தய வேகத்தில். டிசம்பர் காற்றில் குளிர்ச்சி வந்திருந்தது. ஓட்டம் முடிந்தபின் ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தபோது அந்த 8 கிலோமீட்டரின் சராசரி 7:24.

கடைசி மூன்று வாரம்

பயிற்சியைக் குறைத்துக்கொண்டே வரும் ‘டேப்பர்’ காலம் அமெச்சூர்களுக்குக் கொடுமையானது. வாரத்துக்கு 52 கிலோமீட்டர் ஓடியவர் 36, பிறகு 24 என்று இறங்கும்போது, சேர்த்ததெல்லாம் கரைந்துபோவதாகத் தோன்றும். இரண்டு வாரம் குறைத்து ஓடுவதால் உடல்திறன் குறிப்பிடும்படி இறங்கிவிடாது. தசைக்கு ஏற்பட்ட நுண்ணிய சேதங்கள் ஆறி, கிளைக்கோஜன் நிரம்புவதற்கு அந்த இடைவெளி தேவை. இது தெரிந்தவர்களுக்கும் இல்லாத வலிகள் வரும். மூன்றாவது சரிவு அப்படித்தான் வந்தது: டிசம்பர் 27 இரவு பத்து மணிக்கு அண்ணாச்சியிடமிருந்து தொலைபேசி.

“சார், முட்டி என்னமோ சொல்லுது.”

“எந்த எடம்னு ஒரு விரல் வச்சுக் காட்ட முடியுமா அண்ணாச்சி?”

“எல்லா எடமும்தான்.”

ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிற, ஓட ஓடக் கூடுகிற, நடையை விந்த வைக்கிற வலியாக இருந்தால் நின்றுவிட வேண்டும். இது அப்படி இல்லை. இருந்தாலும் என் சொல்லோடு விடாமல், பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டி வரச் சொன்னேன். ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன பிறகும் இரண்டு நாள் வலித்தது. 31ஆம் தேதி கடைசிக் காலண்டர் கட்டு கடையை விட்டுப் போனதும் வலியும் போயிற்று.

ஜனவரி 5

நேப்பியர் பாலம் அருகே இருட்டில் தொடங்கினோம்; நான் அவரோடேயே ஓடினேன். முதல் 10 கிலோமீட்டர் 76 நிமிடம். எங்களைத் தாண்டிப் போனவர்களை எண்ணுவதை அவர் ஐந்தாவது கிலோமீட்டரிலேயே நிறுத்திக்கொண்டார். தண்ணீர் நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் நடை, பிறகு ஓட்டம். 18ஆவது கிலோமீட்டரில் வியர்வையில் ஊறிய ஸ்டிக்கர் உரிந்து விழ, வேகம் கண்ணில் பட்டுவிட்டது: 7:15. முகத்தில் ஆசை தெரிந்தது. கால் எட்டி விழத் தொடங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாதித் தூரம் 2 மணி 40 நிமிடம். 30ஆவது கிலோமீட்டர் 3 மணி 49 நிமிடம். 33ஐக் கடந்தபோது ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “ஜெல் நேரம் ஆச்சா?” என்று மட்டும் கேட்டார். 37இல் இடது கெண்டைக்காலில் பிடிப்பு வந்தது. நின்று நீவிவிட்டு, 600 மீட்டர் நடந்தார். அந்த நடையின்போதுதான் எனக்குப் பதற்றம், அவருக்கு இல்லை. போன வருஷம் இந்நேரம் வேனில் உட்கார்ந்திருந்தேன், இப்போது நடக்கவாவது செய்கிறேன் என்றார். பிறகு மெல்ல ஓட்டத்துக்குத் திரும்பி, 5 மணி 27 நிமிடம் 40 வினாடியில் முடித்தார்.

மதிப்பீடு

ஒருவருடைய அனுபவத்திலிருந்து எல்லோருக்கும் விதி எழுத முடியாது. அண்ணாச்சிக்கு மருந்து தேவைப்படாத உடல்நிலை, விட்டுக்கொடுக்கும் குடும்பம், சொந்தத் தொழில் என்ற வசதிகள் இருந்தன. அதிகாலை நான்கரை மணிக்கு மெரினாவில் தனியாக ஓடுவது ஓர் ஆணுக்கு எளிது. எங்கள் குழுப் பெண்களின் நம்பிக்கைச் சிக்கல்களில் பாதி, ஓட்டத்தைப் பற்றியதே அல்ல, தெருவைப் பற்றியது. அது தனியாக எழுதப்பட வேண்டியது.

இந்த நிகழ்வில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அவருடைய நம்பிக்கை சரிந்த மூன்று முறையும் உடல் உண்மையில் பின்வாங்கியிருக்கவில்லை. பொருந்தாத ஓர் அளவுகோல் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. முதலில் பெங்களூர் நண்பரின் வேகம், அடுத்து மைல் கணக்கில் பிறந்த 32, கடைசியில் தம்முடைய முந்தைய வாரத்து 52 கிலோமீட்டர். அவற்றில் மிக ஆழமான சரிவிலிருந்து அவரை மீட்டது எழுதிவைத்த சொந்தக் கணக்கு. இதில் ஊக்கச் சொற்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் நான் வழங்கிய ஊக்கச் சொற்களில் ஒன்றுகூட அவருக்கு நினைவில்லை என்பது விசாரித்ததில் தெரிந்தது. என் வேகக் கணக்குப் பிழையோ தேதியோடு நினைவிருக்கிறது.

37ஆவது கிலோமீட்டர்ப் பிடிப்புக்கு உப்புக் குறைவா, பயிற்சியில் அந்தத் தூரம் இல்லாததா எது காரணம் என்று எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர் இரண்டாவதே என்கிறார். அடுத்த முறை மழைக்கு முன்பே 32ஐ முடித்துவிட வேண்டும் என்று அட்டவணையை ஆகஸ்டுக்கு நகர்த்திக் கேட்டிருக்கிறார்.

ஜனவரி 6 திங்கள் மாலை அச்சகத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடைசிப் பதிவு இப்படி இருந்தது: ஆர்டர் 42.2. டெலிவரி 42.2. குறிப்பு: 11 நிமிடம் தாமதம், பார்ட்டி கோபிக்கவில்லை. கழிவு: இடது பெருவிரல் நகம் 1.